மூவாயிரத்து முந்நூற்று அறுபத்தொன்று

கணக்கில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அது என் குணக்கேடு. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டில் உள்ள எண் மூன்றால் வகுபடுமா என்று பார்க்காமல் என்னால் உட்கார முடியாது. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் போதும்; கூட்டுத்தொகை மூன்றில் அடங்கினால் எண்ணும் அடங்கும். விருதுநகரில் உறவினர் வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். அதற்கு மேல் படிக்க வைக்க ஆளில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு தறி வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு தறி உள்ள வீடு. மாமனார் பாவு ஓட்டுவார். என் வீட்டுக்காரர் ஒரு தறியில், கொழுந்தன் இன்னொன்றில். எனக்கு மூன்று வருஷம் கழித்து வந்தவள் கொழுந்தன் மனைவி; வந்த வேகத்தில் இரண்டு பிள்ளைகள் பெற்றுவிட்டாள். எனக்குப் பிள்ளை இல்லை. கடைசிவரை பிறக்கவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கதை முடிவில் தொட்டில் ஆடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். வீட்டுக்குள் நாங்கள் பேசுவது கன்னடம்; இங்கே தமிழாக்கிச் சொல்கிறேன். கோபம் வந்தால் மட்டும் எல்லாருக்கும் தமிழ் வந்துவிடும். அந்த வீட்டில் நான் நிறையத் தமிழ் பேசினேன்.

பாவு என்பது சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பாவு நெய்து முடியும்போது பழைய இழைகளை அப்படியே அறுத்து எறிந்துவிட மாட்டோம். தறியில் நிற்கும் பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புதுப் பாவின் இழை ஒன்றை, விரலில் சாம்பல் தொட்டு, முறுக்கிச் சேர்க்க வேண்டும். பிணைப்பது என்போம். பெண்கள் வேலை அது. நான் இடது ஓரத்திலிருந்து தொடங்குவேன், கொழுந்தன் மனைவி நடுவிலிருந்து. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் இடுப்பு கழன்றுவிடும்.

எல்லாம் முடியப்போகும் நேரத்தில் மாமியார் வந்து நிற்பார். "ஏத்தா, நீ போயி எல்லாருக்கும் மோரு எடுத்துட்டு வா" என்று என்னைப் பார்த்துச் சொல்வார். நான் மோர் கொண்டு வருவதற்குள் பாவு பிணைத்து முடிந்திருக்கும். ஏழு வருஷமும் இப்படித்தான். அலுத்துப் போய் உட்கார்ந்திருப்பவளுக்கு எழுந்து நடக்க ஒரு சாக்கு கொடுக்கிறார் என்று நினைத்து, மனசுக்குள் அவருக்கு நல்ல பேர் கூடக் கொடுத்திருந்தேன். என்ன மடத்தனம்.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, நெசவாளர் சங்கத்திலிருந்து புது மாதிரிச் சேலை கேட்டார்கள். தனியாகக் கரை வேண்டாம், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கட்டம் ஓட வேண்டும், ஓரத்தில் அரைக் கட்டம் நிற்கக் கூடாது. எங்கள் வீட்டில் அதுவரை எல்லாம் ஒரே நிறப் பாவுதான். எத்தனை இழைக்கு ஒரு கட்டம் போட்டால் சரியாக முடியும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர் என்னைக் காட்டி, "இவ போட்டுருவா" என்றார். அந்த மனுஷன் ஊர் அறிய என்னைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"எத்தனை இழை மாமா?" என்று கேட்டேன்.

"இருபத்தெட்டுப் புஞ்சம்" என்றார். நூற்றிருபது இழை ஒரு புஞ்சம். ஆக மூவாயிரத்து முந்நூற்று அறுபது.

அடி ஆத்தி, என்ன எண் அது! இரண்டால் போகும், மூன்றால் போகும், நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வரிசையாக இடம் விடும். ஒன்பது மட்டும் முரண்டு பிடிக்கும், பிறகு பத்தில் மறுபடி சமாதானமாகிவிடும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதன் வகுத்திகளை எழுதிக்கொண்டே போனேன். நாற்பத்தெட்டு வந்தன. அவ்வளவு சின்ன எண்ணுக்கு அவ்வளவு பெரிய குடும்பம். ஐம்பத்தாறு இழைக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் அறுபது கட்டம். ஓரத்தில் மிச்சம் இல்லை, குறை இல்லை. அன்று குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், ஏச்சு வாங்கினேன், அதுவும் உறைக்கவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பிறர் சொன்ன எண்ணை நம்பிக் கணக்குப் போடுவது எனக்கு ஆகாது. மத்தியானம் ஆண்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, தறிக்குப் பின்னால் பாவு விரிந்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்து நானே எண்ணினேன். நூறு இழைக்கு ஒரு புளியங்கொட்டை. முடிவில் முப்பத்துமூன்று கொட்டை, மேலே அறுபத்தோரு இழை.

மறுநாளும் எண்ணினேன். அதே அறுபத்தொன்று. மூன்றாம் நாள் கொட்டைகளை மாற்றிவிட்டு, வலது ஓரத்திலிருந்து எண்ணினேன். அறுபத்தொன்றுதான்.

நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. மாமனாரின் கணக்கு என்றால் சங்கத்தில் மறு எண்ணிக்கை கிடையாது. அப்பேர்ப்பட்டவர் கணக்கில் ஓர் இழை தப்பு, அதைக் கண்டுபிடித்தவள் நான். ஒரு சேலையில் ஓர் இழை கூடினால் யார் கண்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். என்னால் அப்படி விட முடியவில்லை.

மூவாயிரத்து முந்நூற்று அறுபத்தொன்றை ஐம்பத்தாறால் வகுத்தால் ஒன்று மீந்தது. முந்திய எண்ணை மிச்சமில்லாமல் வகுத்த எதைக்கொண்டு வகுத்தாலும், ஒன்றைத் தவிர, அதே ஒன்றுதான் மீதி. சரி, வேறு எதிலாவது அடங்கும் என்று பதினொன்றால் வகுத்தேன், ஆறு மீந்தது. பதின்மூன்றால் ஏழு. பதினேழால் பன்னிரண்டு. பத்தொன்பதில் பதினேழு. இருபத்துமூன்றில் மூன்றுதான் மீதி, கிட்ட வந்து தப்பித்தது. கொழுந்தன் மனைவி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, விடாம போட்டுக்கிட்டே இருக்கீக?" என்று ஒரு தடவை கேட்டாள். "ஒரு இழை உதைக்குது" என்றேன். அவள் குனிந்துகொண்டாள்.

சங்கத்திலிருந்து ஆள் வந்த அன்றுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் கட்டத்தின் கணக்கைக் கேட்டார். மாமனார் "இருபத்தெட்டுப் புஞ்சம்" என்று தொடங்கினார். நான் கதவோரம் நின்றிருந்தவள், நிற்க வேண்டியதுதானே? "இல்ல மாமா, ஒரு இழை கூட இருக்கு. மூணு தடவ எண்ணிட்டேன். அத உருவிட்டா சரியா வரும்" என்றேன்.

சங்கத்துக்காரர் சிரித்தார். "அட, மருமக புலியால்ல இருக்கு!" என்றார். மாமனார் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கிப்போன விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோபமாக இருந்தால் பதில் பேசியிருப்பேன். அது கோபம் இல்லை. பயம் மாதிரி இருந்தது.

வந்தவர் போன பிறகு மாமியார் தமிழில் பேசினார். "எண்ணச் சொல்லி ஒன்னைய யாரு கேட்டா?"

"தப்பு இருந்தா சொல்ல வேண்டாமா அத்தை?"

"தப்புன்னு ஒனக்கு யாரு சொன்னா?" அடுப்படிக்குப் போனவர் திரும்பி வந்தார். "ஒங்க அம்மா வீட்டுல நாலு நாளு இருந்துட்டு வா."

நாலு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று தெரு முழுக்கத் தெரியும். பந்தல்குடியிலிருந்து மாமியாரின் தம்பி இரண்டு மாதமாக வாழைப்பழச் சீப்போடு வந்து போய்க்கொண்டிருந்தார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். ஏழு வருஷமாகப் பிள்ளை பெறாத மூத்தவளை வைத்துக்கொண்டே இன்னொருத்தியைக் கட்டுவது அந்த நாளில் பெரிய அதிசயம் இல்லை. நான் மல்லாங்கிணற்றில் அம்மா வீட்டில் நாலு நாள் இருந்தால் அது நாற்பது நாளாகும், பிறகு நான் திரும்பி வர அந்த வீட்டில் இடம் இருக்காது.

துணிப்பையை என் வீட்டுக்காரர்தான் தூக்கி வந்தார். பஸ் நிறுத்தத்தில் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொழுந்தன் மனைவி, இடுப்பில் சின்னவனோடு, வழியனுப்ப வந்திருந்தாள். அவர் டிக்கெட்டுக்குச் சில்லறை மாற்றப் போன நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அது தப்பு இழை இல்லக்கா. அம்மனுக்குப் போடுறது. கணக்குல சேக்க மாட்டாக. வெளிய சொல்லக் கூடாது. கடைசி இழையா அத்தைதான் பிணைப்பாக."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் சின்னவனை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "மூத்தவன் பெறந்து நாப்பதாம் நாளு, தலைக்கு ஊத்தி, தறிக்கு முன்னால உக்கார வச்சுச் சொன்னாக. புள்ள பெத்தாத்தான் சொல்லுவாகளாம். அதுக்கு முன்னாடி..." என்று நிறுத்தினாள்.

அதற்கு முன்னாடி மருமகள் அந்த வீட்டு ஆள் இல்லை. எப்போது வேண்டுமானாலும் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடியவள். நான் மோர் எடுக்கப் போன ஏழு வருஷமும் அப்போது எனக்கு விளங்கியது. எனக்குப் பின்னால் வந்தவளுக்குத் தெரியும், கொழுந்தனுக்குத் தெரியும், என் பக்கத்தில் படுக்கிற மனுஷனுக்குத் தெரியும். சில்லறையோடு திரும்பி வந்தவரிடம், "நீங்களாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். "அம்மா சொல்லணும்னு இருந்தேன்" என்றார். பஸ் வந்துவிட்டது. அன்றுதான் முதல் தடவையாக நான் டிக்கெட்டின் எண்ணைப் பார்க்கவில்லை.

மல்லாங்கிணற்றில் அம்மா கம்பங்கூழைக் கரைத்துக் கொடுத்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டாம் நாள், கரித்துண்டை எடுத்துச் சுவரில், விட்ட இடத்திலிருந்து வகுக்கத் தொடங்கினேன். அம்மன் இழை என்று தெரிந்த பிறகு எதற்கு இந்தக் கணக்கு? சேலைக்காக இல்லை. அந்த எண்ணை எப்படியாவது உடைத்துவிட வேண்டும் என்று ஆத்திரம்.

ஓர் எண் உடையுமா என்று பார்க்க எல்லாவற்றாலும் வகுக்க வேண்டியதில்லை. ஐம்பத்தெட்டை ஐம்பத்தெட்டால் பெருக்கினாலே மூவாயிரத்து முந்நூற்று அறுபத்துநான்கு, நம் எண்ணைத் தாண்டிவிடும். எண் இரண்டாக உடைந்தால் ஒரு துண்டாவது அதற்குள் இருந்தாக வேண்டும். ஆக ஐம்பத்தேழு வரை உள்ள பகா எண்களால் பார்த்தால் போதும், மொத்தம் பதினாறு. ஒன்பது முடித்துவிட்டிருந்தேன். இருபத்தொன்பது: இருபத்தாறு மீதி. முப்பத்தொன்று: பதின்மூன்று. முப்பத்தேழு: முப்பத்தொன்று. நாற்பத்தொன்று ஆசை காட்டி ஏய்த்தது. நாற்பத்தொன்றை எண்பத்திரண்டால் பெருக்கினால் மூவாயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு, ஒரே ஒன்று கூடுதல். நாற்பத்துமூன்றில் ஏழு, நாற்பத்தேழில் இருபத்துநான்கு, ஐம்பத்துமூன்றில் இருபத்திரண்டு.

முடிந்தது. பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதாலும் வகுபடாதது. ஓர் இழை குறைவாக இருந்தபோது நாற்பத்தெட்டு வகுத்திகள்; ஒன்று சேர்ந்ததும் எல்லாம் ஓடிவிட்டன. அந்த எண் நானேதான் என்று தோன்றியது. கரித்துண்டைப் போட்டுவிட்டு அழுதேன். அம்மா பார்த்தாள், பார்க்காத மாதிரி உள்ளே போனாள்.

அழுது முடித்து முகம் கழுவிய பிறகு, சுவரில் எழுதியிருந்த எண்ணை மறுபடி பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்த எண்தான். மூவாயிரத்து முந்நூற்று அறுபது இரட்டை எண். இரட்டை எண்ணுக்கு நடு இழை என்று ஒன்று கிடையாது; பாதியாகப் பிரித்தால் நடுவில் வெறும் சந்துதான். அறுபத்தொன்றுக்கு நடு இருக்கிறது. இந்தப் பக்கம் ஆயிரத்து அறுநூற்று எண்பது, அந்தப் பக்கம் ஆயிரத்து அறுநூற்று எண்பது, நடுவில் ஒன்று. இந்தப் பக்கம் முப்பது கட்டம், அந்தப் பக்கம் முப்பது கட்டம். ஓரத்தில் மிச்சமாக நின்ற இழையை நடுவுக்குக் கொண்டுவந்தால் அது மிச்சமே இல்லை. எவ்வளவு சின்ன விஷயம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். எனக்கு அதற்குப் பதினாறு வகுத்தலும் ஒரு வனவாசமும் தேவைப்பட்டன.

"கூப்பிட ஆளு வரட்டும், நீயா போகாத" என்றாள் அம்மா.

"ஆளு வராதும்மா. நான் போறேன்" என்று பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் பந்தல்குடிச் செருப்பு கிடந்தது. உள்ளே தம்பி பழச்சீப்போடு உட்கார்ந்திருந்தார். மாமியார் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் யாரையும் பார்க்கவில்லை, நேராக மாமனாரிடம் போனேன். கட்டத்தை வரைந்து கொண்டு வந்த தாளை அவர் முன்னால் விரித்தேன்.

"மாமா, ஒங்க கணக்கு தப்பில்ல. நான் எண்ணுனதும் தப்பில்ல. வந்த ஆளுக்கு முன்னால சொன்னதுதான் தப்பு. மன்னிச்சுக்கங்க. ஒரு கட்டம் ஐம்பத்தாறு இழை. ரெண்டு ஓரமும் ரெண்ரெண்டு செகப்பு, நடுவுல ஐம்பத்திரண்டு வெள்ளை. இங்கிட்டு முப்பது கட்டம், அங்கிட்டு முப்பது. நடுவுல அந்த ஒண்ணு."

அவர் தாளை வாங்கிக்கொண்டார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அது ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர் சரி என்றால் நான் அந்த வீட்டில் இருக்கலாம். இல்லை என்றால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"அந்த ஒண்ணுக்கு என்ன கலரு?" என்று கேட்டார்.

"செகப்பு மாமா. உள்ள ஓடுற மத்த கோடெல்லாம் நாலு இழை. நடுக்கோடு மட்டும் அஞ்சு. எண்ணுனாத்தான் தெரியும். யாரு எண்ணப் போறா?"

"எண்ணுறதுக்கு இந்த ஊருல ஒரு ஆளுதான் இருக்கு" என்றார். கொழுந்தன் வெடித்துச் சிரித்துவிட்டான். பந்தல்குடிக்காரருக்கு எதுவும் புரியவில்லை. மாமியார் சிரிக்கவில்லை.

பத்து நாளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பாவு தயாரானது. பிணைக்கிற அன்று நான் இடது ஓரத்தில் உட்கார்ந்தேன், கொழுந்தன் மனைவியை வலது ஓரத்தில் உட்கார வைத்தேன். இரண்டு பேரும் நடுவை நோக்கி வந்தோம். மாமியார் அந்தப் பத்து நாளும் என்னோடு அளந்துதான் பேசியிருந்தார். சாயங்காலம் எங்கள் முழங்கால்கள் இடிக்கிற அளவுக்கு நெருங்கிவிட்டோம். இடையில் ஒரே ஒரு சிவப்பு இழை தொங்கியது. வழக்கம்போல் அவர் வந்து நின்றார்.

மோர் எடுத்து வா என்று அந்த வாய் சொல்லிக் கேட்க வேண்டாம் என்று, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நானே எழுந்தேன்.

"நீ எங்க போற? ஒக்காரு" என்றார். பிறகு கொழுந்தன் மனைவியைப் பார்த்து, "ஏத்தா, நீ போயி மோரு எடுத்துட்டு வா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள், எழுந்து போனாள். மாமியார் உட்கார்ந்து, சாம்பல் சிரட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு இன்னும் நாப்பதாம் நாளு வரலையே அத்தை" என்றேன். குத்தலாகத்தான் சொல்ல நினைத்தேன்.

அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். யார் சொல்லியிருப்பார்கள் என்று புரிந்திருக்கும். "அது கெடக்கட்டும். பந்தல்குடிக்குச் சொல்லி விட்டுட்டேன், அந்தப் புள்ளைக்கு வேற எடம் பாக்கச் சொல்லி" என்றார். "அம்மன் எம்புட்டு நேரம் காத்துக்கிட்டு இருப்பா? பிணை."

சாம்பலைத் தொட்டேன். பழைய நுனியையும் புது நுனியையும் சேர்த்து முறுக்கினேன். ஏழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் இழை பிணைத்த விரல், நழுவிவிட்டது. மறுபடி முறுக்கினேன், மறுபடி நழுவியது. மாமியார் கை கொடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை நின்றது.

மோர் வர வெகுநேரம் ஆனது. அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை.